சோதனைப் பிரதி

“உன்னைப் பத்தி ஒண்ணு எழுதிக்கட்டுமா?”

“என்னைப் பத்தி எழுத என்ன இருக்கு?”

“நேத்து கடையில மேல்தட்டுக் கண்ணாடியை எடுக்க ஸ்டூல் மேல ஒரு டப்பா வச்சு, டப்பா மேல நுனிக்கால்ல நின்னியே, அதை.”

“ஐயே, மானம் போயிடும்!”

“பேரெல்லாம் போட மாட்டேன். ஆழாக்குன்னு போடறேன். ஆழாக்கு அளவுதானே இருக்கே?”

“போடுங்க, போடுங்க. யார் படிக்கப் போறாங்க?”

கல்யாணமான புதிது. கட்டில்கூட வந்து சேராத வீட்டில் தரையில் போர்வையை விரித்து இருவரும் படுத்திருந்தார்கள். அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இத்தனை வருடத்தில் அந்தக் கடைசி வாக்கியத்தை மனத்துக்குள் எத்தனையோ விதமாகத் திருத்திப் பார்த்துவிட்டாள். சொன்னது சொன்னதுதான். ஊரே படித்தது.

‘ஆழாக்கும் நானும்’ என்ற அந்த வலைப்பூவில் வாரத்துக்கு ஒரு பதிவாவது வரும். தன் மூக்குக்கண்ணாடிக் கடையில் கூட்டமில்லாத மத்தியானங்களில் உட்கார்ந்து கணவன் எழுதுவான். ஆழாக்கு குடையைத் தொலைத்த கதை, ஆழாக்கு லிஃப்டில் மாட்டிக்கொண்டு உள்ளே இருந்தபடியே வெளியே நிற்பவருக்கு வழி சொன்ன கதை, ஆழாக்கு கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுக் கிளம்பிச் செருப்பை மறந்து திரும்பி வந்த கதை. எழுத்தில் குறை சொல்ல முடியாது. படித்தால் அவளுக்கே அந்த ஆழாக்கைப் பிடித்துவிடும். ஆனால் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தின் கணினிப் பிரிவையே கட்டி மேய்க்கிறவள் என்பது மட்டும் ஒரு பதிவிலும் வந்ததில்லை. கேட்டால், “அதுல சிரிப்பு இல்லம்மா” என்பான்.

ஒருமுறை பல் டாக்டரிடம் வாயைப் பிளந்துகொண்டு படுத்திருந்தாள். எச்சில் உறிஞ்சும் குழாயைப் பிடித்திருந்த நர்ஸ் உற்றுப் பார்த்து, “நீங்க ஆழாக்குதானே?” என்றாள். வாய் நிறையப் பஞ்சு. “ஆ” என்றுதான் சொல்ல முடிந்தது.

“டாக்டர், ஆமாங்கறாங்க!” என்று துள்ளினாள் நர்ஸ்.

அதையும் வீட்டுக்கு வந்து சொல்லித் தொலைத்தாள். அதுவும் ஒரு பதிவாயிற்று.

சொல்லாமலும் இருந்து பார்த்தாள். “ஆழாக்கு இன்று மௌனம்” என்று தொடங்கியது அந்த வாரப் பதிவு. சண்டை போட்டால், சண்டைக்கு நடுவிலேயே அவன் கண் ஒரு மாதிரி தூரமாகப் போகும். அவளுக்குத் தெரிந்துவிடும், வரி கிடைத்துவிட்டது. அதற்குப் பிறகு யாரோடு சண்டை போடுவது?

அம்மா போன் செய்வதைக் குறைத்துவிட்டாள். இவளே கூப்பிட்டால், “எல்லாந்தான் படிச்சேனே! உனக்குக் கால் சுளுக்கினதுக்கு நேத்தே சிரிச்சு முடிச்சாச்சு. கொடுத்து வச்சவடி நீ. உங்கப்பாவுக்கு என் செருப்பு அளவுகூடத் தெரியாது” என்பாள். கால் இன்னும் வலிக்கிறதா என்று கேட்கத் தோன்றாது.

குடிக்கிறான், அடிக்கிறான் என்றால் யாரிடமாவது போய் அழலாம். என்னைப் பற்றி ஆசை ஆசையாக எழுதுகிறான் என்று எங்கே போய்ப் புகார் சொல்வது? அவனிடமே ஒரு வார்த்தை கேட்கலாம், பதிவுகளிலிருந்து தன்னை இறக்கிவிடச் சொல்லி. தொண்டை வரைக்கும் வரும். கடையில் நாள் பூராவும் பிறத்தியார் கண்ணைப் பார்த்துச் சலித்துப் போன மனுஷன், வீட்டுக்கு வந்து கமென்டுகளை உரக்கப் படித்துக் காட்டும்போது அந்த முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அதைப் பார்த்ததும் வந்தது உள்ளே போய்விடும். வலைப்பூ என்று சரியாகத்தான் பெயர் வைத்திருக்கிறார்கள். பூ அவனுக்கு, வலை அவளுக்கு.

மகள் தப்பித்துவிட்டாள். வாலு என்று அவளும் பதிவுகளில் வந்துகொண்டிருந்தவள்தான். ஒரு நாள் சாப்பிடும்போது, “அப்பா, இனிமே என்னைப் போடாதே. கிளாஸ்ல கிண்டல் பண்றாங்க” என்றாள்.

“சரிடா கண்ணு” என்றான் அவன்.

அவ்வளவுதான். அந்த வாரத்திலிருந்து வாலு இல்லை. அவள் காலி செய்த இடத்தையும் சேர்த்து ஆழாக்கே நிரப்ப வேண்டியதாயிற்று.

அவளுக்கென்று மிஞ்சியது ஒரு பெஞ்சு. அலுவலகம் விட்டு வரும்போது வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே இறங்கி, பழைய தபால் நிலையத்துக்கு எதிரில் இருக்கும் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவாள். பஸ்கள் வரும், போகும். ஏற மாட்டாள். பையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருப்பாள். அங்கே அவள் யாருக்கும் வேடிக்கை இல்லை. இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

போன மாதம் வலைப்பூ இருக்கும் சர்வர் கம்பெனியிடமிருந்து அவளுக்கு மின்னஞ்சல் வந்தது. இத்தனை நாள் ஓடிய பழைய மென்பொருள் இனி கிடையாது, எல்லாரையும் புதிய பதிப்புக்கு மாற்றுகிறோம், உங்கள் தளத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். வரும் திங்கட்கிழமை மாற்றம்.

இலவசமாக இடம் கொடுக்கும் தளங்களில் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தலைவலி கிடையாது. எல்லாம் தானாக நடந்துவிடும். “வாடகை வீடு வேண்டாம், நமக்குன்னு சொந்த வீடு” என்று ஆரம்பத்திலேயே பிடிவாதம் பிடித்தவன் அவன். சொந்த வீடு என்றால் ஒட்டடை அடிப்பதும் ஒழுகுகிற இடத்தை அடைப்பதும் வீட்டுக்காரர் பாடு. குடியிருந்தது அவன். ஒட்டடைக்கம்பு அவள் கையில்.

போன வார விடுமுறையில் வேலையை ஆரம்பித்தாள். முதலில் எல்லாப் பதிவுகளையும் படங்களையும் கமென்டுகளையும் முழுதாகச் சேமித்து வைத்தாள். பிறகு அச்சு அசலாக இன்னொரு தளத்தை வேறு முகவரியில் நிறுத்தினாள். புதிய பதிப்பை முதலில் அதில் ஓடவிட்டுப் பார்க்க வேண்டும். எது உடைந்தாலும் அதில் உடையட்டும், வாசகர்கள் பார்க்கும் நிஜத் தளத்துக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் குழம்பிப் போகாமலிருக்க நகலின் தலையில் சிவப்புப் பட்டை ஒன்று போட்டு, கொட்டை எழுத்தில் ‘சோதனை’ என்று எழுதி வைத்தாள்.

“சோதனைன்னு பேர் வச்சிருக்கியே, சோதனை எனக்கா உனக்கா?” என்று எட்டிப் பார்த்தான் அவன்.

“ரெண்டு பேருக்கும்தான். கடைக் கம்ப்யூட்டர்ல இதைத் திறந்து வைக்கறேன். சும்மா இருக்கும்போது பழைய பதிவுகளைப் புரட்டிப் பாருங்க. எங்கயாவது எழுத்து உடைஞ்சிருந்தா சொல்லுங்க.”

எழுத்து அவள் கையிலேயே உடைந்தது. புதிய பதிப்பில் முதல்முறை திறந்தபோது தமிழ் முழுக்கக் கேள்விக்குறிகளாக நின்றது. வரி வரியாக, பக்கம் பக்கமாகக் கேள்விக்குறி. வாழ்க்கையே கேள்விக்குறியாகிவிட்டது என்று ஜனங்கள் சொல்வார்கள், அவள் கண்ணால் பார்த்தாள். பார்த்ததும் பதறவில்லை. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து இன்னும் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அங்கே ஆழாக்கு எங்கே இருக்கிறாள் என்று யாராலும் கண்டுபிடிக்க முடியாது.

பிறகு பெருமூச்சு விட்டுச் சரிசெய்தாள்.

சனிக்கிழமை காலை மறுபடி உட்கார்ந்து, தளத்தோடு ஒட்டவைத்திருந்த சின்னச் சின்ன நிரல்களையும் புதிய பதிப்பில் ஓடவிட்டாள். இப்போது கேள்விக்குறிகள் இல்லை, ஆனால் முகப்பைத் தவிர எந்தப் பதிவைத் திறந்தாலும் வெறும் வெள்ளை. அந்த நிரல்களில் எதுவோ புதிய பதிப்போடு ஒத்துப் போகவில்லை. ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்தாள். படம் காட்டுவது குற்றவாளி இல்லை. கமென்டு வடிகட்டுவது இல்லை. கடைசியில் மிஞ்சியது ‘ஆழாக்கு சொன்னது.’

அது அவளே எழுதியது. ஒவ்வொரு பதிவின் அடியிலும் ஒரு சிறிய கட்டம் வரும். ஆழாக்கு எப்போதோ சொன்னதாக அவன் எழுதிய வாக்கியங்களில் ஒன்றை, திறக்கும்போதெல்லாம் மாற்றி மாற்றிக் காட்டும். முதல் கல்யாண நாளுக்கு அவள் அவனுக்குச் செய்து கொடுத்த பரிசு. வாசகர்களுக்கு உயிர். பழைய பதிப்பின் பழக்கத்தில் எழுதியது, புதியதில் முரண்டு பிடித்தது. வாக்கியத்தைப் பொறுக்கி எடுக்கிற பகுதியை மட்டும் தற்காலிகமாக நிறுத்தினாள். வெள்ளைப் பக்கங்கள் உயிர் பெற்றன. அடியில் ‘ஆழாக்கு சொன்னது:’ என்ற தலைப்பும் காலிக் கட்டமும் மட்டும் நின்றன. சாப்பிட்டுவிட்டு வந்து திருத்திக்கொள்ளலாம் என்று எழுந்தாள்.

மத்தியானம் கடையிலிருந்து வந்தவன் முகம் தொங்கிப் போயிருந்தது.

“ஒரு பயலும் வாயைத் திறக்கலை” என்றான் தட்டைப் பார்த்து.

“எதுக்கு?”

“வியாழக்கிழமை ஒண்ணு போட்டேன். என் ஆயுசுலயே இவ்வளவு நல்லா ஒண்ணு வந்ததில்லை. இன்னிவரைக்கும் ஒரு கமென்ட் கிடையாது. உங்கம்மாகூட ஒண்ணும் சொல்லலை, பாரேன்.”

“அப்ப மொக்கையா இருக்கும்ப்பா” என்றாள் வாலு.

“வாயை மூடிட்டுச் சாப்பிடு.”

“மூடிட்டு எப்படிச் சாப்பிடறது? இதையும் எழுதிடாதே.”

“நீதான் வெளியே போயிட்டியேம்மா, மகாராணி.”

“ஆமா. அம்மா மட்டும்தான் உள்ள மாட்டிக்கிட்டா” என்றாள் வாலு, தண்ணீரைக் குடித்துக்கொண்டே.

அவளுக்குக் கை நின்றது. மகள் சொன்னதற்காக இல்லை. நிஜத் தளத்தைக் காலையில்தான் பார்த்திருந்தாள். வியாழக்கிழமை தேதியில் அங்கே ஒன்றும் இல்லை.

அவன் கடைக்குத் திரும்பிப் போனதும் மடிக்கணினியைத் திறந்தாள். சோதனைத் தளத்தின் முகப்பில், அவள் காலை முழுக்க உடைந்ததையே தேடிக்கொண்டிருந்ததில் கவனிக்காமல் விட்ட இடத்தில், அது உட்கார்ந்திருந்தது. புத்தம்புதிய பதிவு. நகல் எது அசல் எது என்று தெரியாமல் இதில் போட்டிருக்கிறான். தலையில் அவ்வளவு பெரிய சிவப்புப் பட்டை இருந்தும் எப்படித் தெரியாமல் போயிற்று? யோசித்தபோது சிரிப்பு வந்தது. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டுகிறவன், தனக்குக் கிட்டத்தில் இருப்பது மங்கலாகத் தெரிவதை ஒப்புக்கொள்ள மாட்டான். கடைக் கம்ப்யூட்டரில் எழுத்தைப் பூசணிக்காய் அளவுக்குப் பெரிதாக்கி வைத்திருப்பான். அந்தப் பெருக்கத்தில் சிவப்புப் பட்டை திரைக்கு மேலே எங்கேயோ ஓடிப் போயிருக்கும்.

தலைப்பைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. ‘ஆழாக்கும் அவளுடைய பெஞ்சும்.’

‘என் ஆழாக்குக்கு ஒரு ரகசியம் இருக்கிறது’ என்று தொடங்கியிருந்தான். ‘லென்ஸ் வாங்கிக்கொண்டு வரும் வழியில் தற்செயலாகப் பார்த்தேன். தபால் நிலையத்துக்கு எதிர்ப்பெஞ்சில் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஸ்கூல் வேனுக்குக் காத்திருக்கும் குழந்தை மாதிரி உட்கார்ந்திருந்தாள். கால் தரையை எட்டவில்லை. ஒரு பஸ் வந்தது, ஏறவில்லை. இன்னொன்று வந்தது, அதற்கும் அசையவில்லை. மறுநாளும் போய்ப் பார்த்தேன். அதே பெஞ்சு, அதே பை. பஸ்களுக்கு மார்க் போடுகிறாளோ என்னவோ.’

அழகாகத்தான் இருந்தது. அவள் தலையைச் சாய்த்திருந்த விதம், வெயில் தோளிலிருந்து இறங்கிப் பைக்கு வந்தது, எல்லாம் இருந்தது. இவ்வளவு உன்னிப்பாகப் பார்த்தவன் ஏன் உட்கார்ந்திருக்கிறாள் என்று ஒரு வரிகூட யோசித்திருக்கவில்லை. முடிவில் இப்படி எழுதியிருந்தான்:

‘சாலையைக் கடந்து போய்ப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். போகவில்லை. நான் போனால் பதிவு கலைந்துவிடும் என்று தோன்றியது. அந்தப் பக்கம் போகும் வாசகர்கள் ஆழாக்கைப் பார்த்தால் ஒரு கையசைத்துவிட்டுப் போங்கள். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.’

நாற்காலி, மேசை, அலமாரி எல்லாம் ஓரடி நெருங்கி வந்ததுபோல் இருந்தது அவளுக்கு. இனி அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தால் யாராவது கையசைப்பார்கள். பஸ் ஜன்னலிலிருந்து படம் எடுப்பார்கள். உட்காராவிட்டால், ‘ஆழாக்கு பெஞ்சை மாற்றிவிட்டாள்’ என்று அதுவும் ஒரு பதிவு.

இது இன்னும் வெளியே போகவில்லை. உலகத்தில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். சோதனை முடிந்ததும் நகலை அழிப்பதுதான் வழக்கம். அழித்துவிட்டு, ‘புது மென்பொருள் முழுங்கிடுச்சுங்க, நான் என்ன பண்ண?’ என்று சொன்னால் நம்பிவிடுவான். கணினி விஷயத்தில் அவள் பகலை இரவு என்றாலும் நம்புவான். அழிக்கும் பொத்தானை அழுத்தினாள். ‘நிச்சயமாக நீக்கவா?’ என்று கேட்டது கணினி.

விரல் அப்படியே நின்றது. அழித்தால் மறுபடி எழுதுவான். மனப்பாடமாக இருக்கும். இரண்டாம் முறை இன்னும் நன்றாக வரும்.

“அம்மா, ரொம்ப நேரமா ஒரே இடத்தைப் பார்த்துட்டிருக்கே” என்றாள் வாலு எதிரிலிருந்து. படம் வரைந்துகொண்டிருந்தவள் தலையைத் தூக்கியிருந்தாள்.

“அப்பா எழுதினது.”

“உன்னைப் பத்தியா?”

“வேற யாரைப் பத்தி?”

“பிடிக்கலைன்னா சொல்ல வேண்டியதுதானே. நான் சொன்னேனே?”

“நீ குழந்தை. நீ சொன்னா அப்பாவுக்கு வருத்தமா இருக்காது.”

“நீ என்னைவிடக் குட்டை” என்றாள் வாலு, அதுதான் நியாயம் என்பதுபோல.

அவள் ‘வேண்டாம்’ என்பதை அழுத்திவிட்டு மடிக்கணினியை மூடிப் பையில் வைத்தாள்.

கடை அடுத்த தெருவுக்கு அடுத்த தெரு. பெஞ்சு வழியில்தான் இருந்தது. காலியாக இருந்தது. உட்காரவில்லை.

கடையில் ஆள் இல்லை. உள்ளே கண் பரிசோதிக்கும் அறையில் கறுப்புத் திரைக்குப் பின்னால் அவன் லென்ஸ்களைத் துடைத்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தான். எதிர்ச்சுவரில் எழுத்துப் பலகை மட்டும் வெளிச்சமாக எரிந்தது.

“என்ன ஆழாக்கு, கண்ணு மங்கிடுச்சா?”

“எனக்கில்லை. உங்களுக்கு. உட்காருங்க.”

“எனக்கென்ன, கழுகுக் கண்ணு.”

“கழுகுக்குத் தூரத்துல போற எலிதான் தெரியும். உட்காருங்கன்னா உட்காருங்க.”

சிரித்துக்கொண்டே உட்கார்ந்தான். வட்டவட்டமாய்க் கனமாக இருக்கும் அந்தச் சோதனைச் சட்டத்தை எடுத்து அவன் மூக்கில் வைத்தாள். கல்யாணமான புதிதில் கடையில் கூடமாட நின்று பழகிய கை. ஒரு லென்ஸைச் செருகினாள், எடுத்தாள், வேறொன்றைச் செருகினாள்.

“இது நல்லா இருக்கா, முன்னாடி போட்டது நல்லா இருக்கா?”

“என் வசனத்தை எனக்கேவா? ரெண்டாவது.”

மடிக்கணினியைத் திறந்து அவன் மடியில் வைத்தாள். எழுத்து சாதாரண அளவில் இருந்தது.

“மேல என்ன எழுதியிருக்கு?”

“சோ... தனை.” வாய் அப்படியே திறந்திருந்தது. “அடப்பாவி! அப்ப வியாழக்கிழமையிலேர்ந்து நான் சோதனையிலயா உட்கார்ந்திருக்கேன்?”

“ஆமா.”

அவன் சிரிக்க ஆரம்பித்தான். லென்ஸ் குலுங்கியது. “அப்ப பதிவு மோசமில்லை! யாருமே படிக்கலை, அவ்வளவுதான்! மூணு நாளா சோறு இறங்கலை எனக்கு.”

“நான் படிச்சேன்.”

“எப்படி இருந்துது?”

“நல்லா இருந்துது” என்றாள். பொய் இல்லை.

“இல்ல? நல்லா வந்திருக்கு இல்ல?” அவள் கையைப் பிடித்துக்கொண்டான். “எடுத்து நிஜத்துல போட்டுடும்மா, உனக்குப் புண்ணியமாப் போகும்.” திரையைக் கீழே நகர்த்திக்கொண்டே போனவன் நின்றான். “இது ஏன் காலியா இருக்கு? ‘ஆழாக்கு சொன்னது’ன்னு போட்டிருக்கு, கீழ ஒண்ணும் இல்லை?”

“பழைய பதிப்புக்கு எழுதினது. புதுசுல ஓடலை.”

“நீ எழுதினதுதானே, சரிபண்ணிடேன். ஆழாக்கு ஒண்ணும் சொல்லலைன்னா ஜனங்க விட்டு வைக்க மாட்டாங்க.” சொல்லிக்கொண்டே இருந்தவன் சட்டென்று நிமிர்ந்தான். “ஏய், இதுவே ஒரு பதிவு இல்ல? கண்ணாடிக்கடைக்காரனுக்குக் கண்ணு தெரியாத கதை. ஆழாக்கு வந்து கண்ணாடி மாட்டி விடறா, அவன் மொதமொதல்ல...”

தடித்த லென்ஸுக்குப் பின்னால் அவன் கண்கள் இரண்டு மடங்கு பெரிதாகத் தெரிந்தன. அவை தூரமாகப் போய்க்கொண்டிருந்தன. வரி கிடைத்துவிட்டது. பின்னால் கறுப்புத் திரை, பக்கத்தில் லென்ஸ் பெட்டி, இரண்டு பேர் மூச்சுவிடுகிற அளவுக்குத்தான் இடம். அவள் இங்கே நிற்கிறாள். அவன் அதற்குள் அவளை வேறெங்கோ நிறுத்தி வைத்து, தலையை எந்தப் பக்கம் சாய்க்கலாம் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான்.

குனிந்து மடிக்கணினியை மெல்ல மூடினாள். எழுத்துப் பலகையின் வெளிச்சம் மட்டும் மிஞ்சியது.

“என்னங்க.”

“ம்?”

“என்னைப் பாருங்க.”

கண்கள் எங்கிருந்தோ திரும்பி வந்தன. அவளைப் பார்த்தன. எழுதும் கண்ணாக இல்லை, கணவன் கண்ணாக இருந்தது. அதுதான் இன்னும் கஷ்டம். தொண்டை வரைக்கும் வந்தது வழக்கம்போல் உள்ளே போகப் பார்த்தது. விடவில்லை.

“இனிமே என்னைப் பத்தி எழுதாதீங்க” என்றாள்.